மடிக்கக் கூடாத தாள்

வேங்கிக்காலில் நண்பன் வீட்டு ஹாலில், பழைய வரைபடங்களை வெட்டி மடித்த காகிதப் பூங்கொத்து. அழகுதான். ஆனா கிட்டப் போய்ப் பார்த்தா ஊர்ப்பேர் பாதி மடிப்புக்குள்ள போயிடுது. வரைபடம் வெறும் வண்ணத்தாள் ஆகிவிட்டது. எனக்கு அதுதான் உறுத்தல்.

மேத்யூ க்யூசிக்கும் வரைபடங்களை வெட்டித்தான் ஒட்டுகிறார். ஆனால் அவர் அலைகளில் சாலைக்கோடு தூரிகைத் தீற்றலாக வேலை செய்கிறது.

யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனின் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' (2011) இன்னும் தூரம் போகிறது. தோம்பு என்றால் காலனிய காலக் காணிப் பதிவேடு. போரில் இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்கள் அதில் இருக்கின்றன. அளவு பிசகிய அந்தக் கோடுகளை அலங்காரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நண்பன்கிட்ட இதைச் சொன்னேன். சிரிச்சான். அவன் மனையின் புலப்பட நகல் மட்டும் பீரோவில், பிளாஸ்டிக் உறைக்குள், மடிப்பே இல்லாமல் இருந்தது.