மணிமேகலை எடுத்த மூன்று வடிவங்கள்

வடிவம் மாறுவோரைப் பற்றிய கதைகளுக்குக் கோலசிலாங்கூர்ப் பகுதியில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. புலி வேறு, புலியாக மாறிய மனிதன் வேறு என்று மலாய்க் கிராமத்தார் பிரித்துச் சொல்வர். பின்னதற்கு 'ஹரிமாவ் ஜாடியான்' என்று பெயர். சுமத்திராவின் கெரிஞ்சி நாட்டாருக்கே இவ்வித்தை கைவந்தது என்பது பழைய நம்பிக்கை. சிலாங்கூரின் வட எல்லைக்கு அப்பால், பேராவின் சிலிம் பள்ளத்தாக்கில் நிகழ்ந்ததாக இத்தகைய கதையொன்றை இயூ கிளிபர்டு 1897இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அதில், இரவில் பொறித்துப்பாக்கியால் காயமுற்ற புலியின் குருதித்தடம் கெரிஞ்சியான் ஒருவனின் வீட்டு வாயிலில் முடிகிறது. உள்ளே அவன் காயத்தோடு கிடக்கிறான். வடிவம் நீங்கினாலும் வடிவத்தில் பட்ட புண் நீங்காது என்பது அக்கதையின் சட்டம்.

புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சுற்றிய தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்கும் இத்தகைய சட்டங்கள் புதியன அல்ல. பெரிய எழுத்துப் புத்தகத்தை ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றியிருந்தோர் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. விக்கிரமாதித்தன் தன் உடலை விட்டுக் கிளியின் உடலில் புகுந்தால், வறிதே கிடக்கும் அரசவுடலில் வேறொருவன் புகுந்துவிடலாம். ஆதலின் கூடு பாய்பவன் தன் கூட்டுக்குக் காவல் வைத்தல் வேண்டும். மயில் இராவணன் செய்ததோ கூடு பாய்தல் அன்று. அவன் தன் உடலையே வீடணன் உடலாக்கிக்கொண்டு அனுமனின் வால் கோட்டைக்குள் நுழைந்தான். ஆங்கே காக்கப்பட வேண்டிய வெற்றுடல் எதுவும் இல்லை. இவ்விரு வித்தைகளையும் ஒன்றெனக் கருதிக் குழப்பிக்கொள்வோர் இன்றும் உளர்.

கதை கேட்போர் மனத்தில் எழும் இவ்வையங்களையே முறைப்படுத்தி விதிநூலாக்கிய விளையாட்டொன்று மேலைநாட்டில் உண்டு. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' எனப்படும் அதனை 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர் வெளியிட்டனர். சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தராகி, பகடை உருட்டிக் கதையை வளர்ப்பர். அம்மாந்தருள் 'ட்ரூயிட்' என்னும் வனத்துறவி ஒரு வகை. அவர் விலங்குருக் கொள்ள வல்லவர். அவரைப் பற்றி விளையாடுவோர் கேட்கும் கேள்விகளோ பல. ஓநாயானபின் மனித அறிவு இருக்குமா? பேச முடியுமா? கையிலிருந்த கோலும் இடுப்பிலிருந்த பையும் எங்கே போகும்? ஓநாய் மாண்டால் துறவி மாள்வாரா? 2014ஆம் ஆண்டின் விதிநூல் இவற்றுக்கெல்லாம் விடை தருகிறது. அறிவு மாறாது, ஆனால் மந்திரம் ஓத இயலாது. பொருள்கள் கீழே விழலாம், உடலோடு மறையலாம், புதிய வடிவத்துக்குப் பொருந்துமாயின் அணியவும் படலாம். விலங்கின் உயிராற்றல் தீர்ந்ததும் துறவி தன்னுருப் பெறுவார். எஞ்சிய அடி அவர்மேல் விழும். முன்பு கண்டறிந்த விலங்கின் வடிவமே எடுத்தல் கூடும். இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. அத்துறவி ஒரு புலியாகலாமேயன்றி, இன்ன காட்டில் இன்ன குட்டிகளோடு வாழும் அந்தப் புலியாதல் விதியில் இல்லை.

இக்கேள்விகளை விளையாட்டுப் பிள்ளைகளின் வீண்வாதம் என்று தள்ளிவிட வேண்டுவதில்லை. உ. வே. சாமிநாதையர் 1898இல் பதிப்பித்து நமக்கு அளித்த மணிமேகலையை இக்கேள்விகளோடு மீண்டும் படித்தால், சீத்தலைச் சாத்தனார் இவற்றை முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறார் என்பது புலனாகும். வகுப்பறைகளில் மணிமேகலையின் வேற்றுரு ஓர் அற்புதச் செய்தியாக ஒரே தொடரில் சொல்லப்பட்டு, பாடம் அமுதசுரபிக்கும் சிறைக்கோட்டத்துக்கும் தாவிவிடுகிறது. காப்பியத்தின் நடுப்பகுதி முழுவதும் அவ்வேற்றுருவின்மீதே நிற்பதை எண்ணும்போது அத்தாவல் பொருந்துவதாக இல்லை.

மந்திரம் கொடுத்த காதையில் மணிமேகலா தெய்வம் மூன்று மந்திரங்களை அருளுகிறது: வேற்றுருக் கொள்ளவும், வான்வழி செல்லவும், பசியின்றி இருக்கவும். முதல் மந்திரத்துக்குத் தெய்வம் காரணமும் கூறுகிறது. மணிமேகலை இளையவள், அதிலும் பெண். சமயக்கணக்கர் அவளுக்குத் தம் பொருளை உரைக்கமாட்டார். ஆதலின் வேற்றுருவில் சென்று கேட்க வேண்டும். எனவே இம்மந்திரம் கற்றலின் பொருட்டுத் தரப்பட்டது. ஆனால் அவள் அதனை முதன்முதல் கையாண்டது கற்றற்கு அன்று. தன்னைத் தேடி உலகவறவிக்கு வந்த சோழ இளவரசன் உதயகுமரனிடமிருந்து ஒளிதற்கு அதனைக் கையாண்டாள். சம்பாபதி கோயிலுள் புகுந்து காயசண்டிகையாகி வெளியே வந்தாள்.

காயசண்டிகை கற்பனை வடிவம் அல்லள். உயிரோடு இருந்த ஒருத்தி. பொதியிற்சாரலில் முனிவர் ஒருவரின் நாவற்கனியைக் காலால் சிதைத்தமையால் பன்னிரண்டாண்டு யானைத்தீ என்னும் பெரும்பசி கொண்ட விஞ்சைமகள் அவள். அந்நோயாலேயே புகார் முழுவதும் அறிந்த முகம் அவளுடையது. அவளுக்குக் காஞ்சனன் என்ற கணவன் உண்டு. அமுதசுரபியின் சோற்றால் பசி நீங்கி அவள் வானில் எழுந்து சென்றபின், அவளது வடிவம் மட்டும் மணிமேகலையின் மேல் புகாரில் எஞ்சியது.

இனி விதிகளைப் பார்க்கலாம். அறிவு மாறவில்லை, உதயகுமரனுக்கு யாக்கை நிலையாமையை உணர்த்துபவள் மணிமேகலையே. கைப்பொருளும் மாறவில்லை. அமுதசுரபி அமுதசுரபியாகவே நிற்கிறது, குறையாமல் சோறிடுகிறது. கதையில் முதல் ஐயத்தை எழுப்புவதும் அதுதான். பசியால் உழன்றவள் கையில் பிச்சைப் பாத்திரம் இருப்பது கண்டு உதயகுமரன் திகைக்கிறான். பாத்திரத்தைக் காயசண்டிகையிடம் தந்துவிட்டு மணிமேகலை எங்கோ ஒளிந்தாள் என முதலில் எண்ணுகிறான். பின்னர் காயசண்டிகைதான் மணிமேகலையோ என்று ஐயுறுகிறான். முகத்தை மறைக்க முடிந்தவளுக்குப் பாத்திரத்தை மறைக்க முடியவில்லை. மறைத்திருந்தால் சோறிடுவது நின்றிருக்கும். அதற்கு அவள் உடன்படாள். தொண்டே அவளைக் காட்டிக்கொடுக்கும் வகையில் சாத்தனார் கதையைப் பின்னியிருப்பது எண்ணி எண்ணி இன்புறத்தக்கது.

பேச்சின் விதி இன்னும் நுண்ணியது. சிறைக்கோட்டத்தில் பசித்தோர்க்கு உணவளித்தமை கேட்டு மன்னன் அவளை அழைத்து, நீ யார் என்று வினவுகிறான். அவள் தன்னை விஞ்சைமகள் என்கிறாள். ஊரில் வஞ்சமாய்த் திரிந்ததாகவும் கூறுகிறாள். பின்கூற்று உண்மை, முன்கூற்று பொய். ஒரே விடையில் இரண்டையும் வைத்த புலவரின் கைத்திறம் பெரிது. அவ்விடையின் பயனாகச் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆகிறது. ஆக, மன்னன்முன் காயசண்டிகையின் பெயரை அவள் ஏற்றுக்கொண்டாள். பின்னர்க் காஞ்சனன் வருகிறான். பன்னிரண்டாண்டு கழித்து மனைவியைக் கண்ட மகிழ்ச்சியில், பாத்திரம் ஒன்றாயிருக்க உண்போர் பலராயிருப்பதை வியந்து பேசுகிறான். அவளோ அவனுக்கு முகங்கொடாமல், உதயகுமரனிடம் சென்று, நரைமூதாட்டி ஒருத்தியைச் சுட்டிக்காட்டி அறம் உரைக்கிறாள். மன்னனிடம் ஏற்ற பெயரைக் கணவனிடம் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நான் உன் மனைவி அல்லேன் என்று அவள் சொல்லியிருந்தால் கதை வேறாகியிருக்கும். மனைவி பிறன்பால் மனம் வைத்தாள் என்று எண்ணிய காஞ்சனன் மறைந்திருந்து, நள்ளிரவில் மீண்டும் வந்த உதயகுமரனை வாளால் எறிகிறான்.

இதற்குச் சாத்தனாரே விடை கூறிவிட்டாரே எனலாம். முற்பிறப்பில் இராகுலனாய் இருந்தபோது, கால் இடறி உணவுக்கலம் சிதைய வீழ்ந்த மடையனை வாளால் வெட்டிய வினையே உதயகுமரனை இப்பிறப்பில் வெட்டியது என்று கந்திற்பாவை உரைக்கிறது. காப்பியத்தின் கொள்கை அதுவே, மறுப்பார் இல்லை. ஆயினும் வினை வந்து சேர்ந்த வழி எது? வாள் காஞ்சனனுடையது, அவன் சினத்துக்குக் காரணமோ மணிமேகலையின் மேலிருந்த காயசண்டிகை முகம். வினை அனைத்தையும் விளக்கிவிடுமாயின், கொலைக்குப்பின் அவள் அவ்வடிவத்தைக் களைந்துவிட்டு இளவரசனுக்காக அழுவதைப் பாட வேண்டிய தேவை புலவருக்கு இல்லை. பாவையின் விளக்கத்தைக் கேட்பதற்கு முன்பே அவள் அழுகிறாள்.

பிறர் வடிவம் எடுத்த ஏனையோரை இங்கே நினைத்துப் பார்க்கலாம். கௌதமன் வடிவில் அகலிகையிடம் சென்றவன் இந்திரன். வீடணன் வடிவில் வந்தவன் மயில் இராவணன். இருவரும் கெடுக்கவே வந்தனர். உயிரோடு இருப்பவர் முகத்தை இரவல் பெற்றதே அவர்தம் சூழ்ச்சி. அவ்வரிசையில் தூய நெஞ்சோடு நிற்பவள் மணிமேகலை. அவளுக்கும் அவ்விரவல் கேடே தந்தது. ஒருவர் முகத்தைப் பூணும்போது அம்முகத்தின்மேல் பிறருக்குள்ள உரிமைகளும் உடன் வந்துவிடுகின்றன. மந்திரம் தந்த தெய்வம் இதனை அவளுக்குச் சொல்லவில்லை.

இதன்பின் அவள் எடுத்த இரு வடிவங்களும் எவருடையவை? மகனை இழந்த இராசமாதேவி பழிவாங்க எண்ணி, கல்லா இளைஞன் ஒருவனைப் பொருள் கொடுத்து ஏவியபோது, அவள் ஆணுருக் கொண்டாள். அந்த ஆணுக்குப் பெயர் இல்லை. வந்தவன் ஆண் ஒருவன் இருக்கக்கண்டு அஞ்சி ஓடினான். எவர் உயிரும் போகவில்லை. பின்னர் ஆபுத்திரனின் சாவக நாட்டுக்குத் தன்னுருவிலேயே வானில் சென்றாள். அச்சாவகத்தைச் சாவகத்தீவு என்றும் சுமத்திரா என்றும் ஆராய்ச்சியாளர் சொல்வர். கெரிஞ்சியும் அச்சுமத்திராவில்தான் உள்ளது. கோலசிலாங்கூரின் மலாவாத்திக் குன்றிலிருந்து மேற்கே நோக்கும் தமிழாசிரியர்க்குக் காப்பியம் அவ்வளவு தொலைவானது அன்று. பின்னர் வஞ்சியில் மாதவன் வடிவில் சமயக்கணக்கரைக் கண்டாள். அந்த மாதவனுக்கும் பெயர் இல்லை, மனைவி இல்லை, ஊர் இல்லை. அவ்வடிவில் அவள் எவர் பெயரையும் தன்மேல் ஏற்றிப் பொய்யுரைக்க நேரவில்லை. தாய்தந்தையரை அனுமானத்தாலன்றி வேறெவ்வாறு அறிவாய் என்று பூதவாதியை மடக்கும்போது அவள் பேசுவது தன் கருத்தையே.

உதயகுமரன் வெட்டுண்டபின் உயிரோடு உள்ள எவர் வடிவையும் அவள் எடுக்கவில்லை என்பதைச் சாத்தனார் எங்கும் சொல்லி வைக்கவில்லை. ஆயினும் மூன்று வடிவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போர்க்கு அது தப்பாது. இவ்வடிவங்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் யாருடையது, எதற்காக, யார் துன்புற்றார் என்று மாணவரையே நிரப்பச் சொல்லும் ஆசிரியர், சொற்பொருள் விளக்கத்தால் எய்தாத ஒன்றை அவ்வகுப்பில் எய்துவார்.

காஞ்சிநகரில் அறவண அடிகளைக் காணும்போது அவள் தன் சொந்த உருவில் நிற்கிறாள். வஞ்சியில் வேற்றுருவோடு கேட்ட சமயங்களைப் பற்றி அடிகளிடம் கூறுகையில், அவ்வுருவைப் போலவே அச்சமயங்களும் செவ்வியன அல்லவாதலின் மனத்தில் கொள்ளவில்லை என்கிறாள். சமயங்களை மறுக்க எடுத்த உவமைக்கு அவள் வேறெங்கும் செல்லவில்லை. தான் அணிந்து களைந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டாள். அதன்பின் காப்பியத்தில் வேற்றுரு இல்லை.