போலிக் கட்டுரைகளும் ஆய்விதழ் நெறியும்

ஆய்விதழ்களின் தராதரத்தைச் சோதிக்கும் பொருட்டு எழுதப்படும் போலிக் கட்டுரைகளை வெறும் நகைப்புக்குரியனவாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவை எதனை நிறுவுகின்றன, எதனை நிறுவவில்லை என்பதே ஆராயத்தக்கது.

நியூயோர்க் பல்கலைக்கழகப் பௌதிகவியற் பேராசிரியர் அலன் சோகல், குவாண்டம் ஈர்ப்புப் பற்றி அபத்தங்கள் மலிந்த கட்டுரையொன்றை எழுதினார். 1996 இல் 'சோஷல் ரெக்ஸ்ற்' என்னும் பண்பாட்டாய்வுச் சஞ்சிகை அதனைப் பிரசுரித்தது. அவ்வேளையிலேயே 'லிங்குவா பிராங்கா' இதழில் அவர் உண்மையை வெளியிட்டார். இது இடதுசாரிச் சிந்தனையின் தோல்வியென வலதுசாரிகள் மகிழ்ந்தனர். ஆயின் சோகல், சன்டினிஸ்ரா ஆட்சிக் காலத்து நிக்கரகுவாவிலே கணிதம் கற்பித்த இடதுசாரி. புறநிலை உண்மையை மறுக்கும் போக்கு, ஒடுக்கப்பட்டோரிடமிருந்து பகுத்தறிவு என்னும் கருவியையே பறித்துவிடும் என்பதே அவரது கவலையாகும்.

எனினும், அச்சஞ்சிகையில் அப்போது துறைசார் அறிஞரின் மதிப்பீட்டு முறை இருக்கவில்லை. ஆசிரியர் குழுவினர் பௌதிகவியலாளர் ஒருவரின் பெயரையும் தமக்கு உவப்பான முடிபையும் போதுமெனக் கொண்டனர். எனவே நிறுவப்பட்டது ஒரு சஞ்சிகையின் தவறேயன்றி ஒரு துறை முழுவதன் வறுமையன்று.

2013 இல் ஜோன் பொஹானன் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனை இன்னும் விரிவானது. வெளிப்படையான குறைபாடுகளைக் கொண்ட புற்றுநோய் மருந்தாய்வுக் கட்டுரையின் வடிவங்களை, எழுதுவோரிடம் கட்டணம் பெறும் 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அவர் அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றன, 98 நிராகரித்தன. மதிப்பீட்டாளர்கள் விஞ்ஞானக் குறைகளைச் சுட்டிய 36 சந்தர்ப்பங்களில், 16 இல் பதிப்பாசிரியர்கள் அவற்றைப் புறக்கணித்துக் கட்டுரையை ஏற்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. மதிப்பீடு நடைபெறுவது மட்டும் போதாது. அதற்குப் பதிப்பாசிரியர் கட்டுப்படவும் வேண்டும். சந்தா இதழ்கள் இச்சோதனைக்கு உட்படாமையின், குறை திறந்த அணுக்கத்துக்கே உரியதெனக் கூறவியலாது. கட்டணம் பெறும் 'பிளொஸ் வண்' இதழும் அக்கட்டுரையை நிராகரித்தது.

ஓரிடத்தில் கருத்துச் சார்பும், மற்றோரிடத்தில் வணிக நலனும் ஆய்வுத் தீர்ப்பின் இடத்தைக் கவர்ந்துள்ளன. பிரசுர எண்ணிக்கையைக் கொண்டே நியமனமும் பதவியுயர்வும் வழங்கப்படும் வரை, கட்டண இதழ்களின் சந்தை குன்றப்போவதில்லை. இப்பொருளியல் அடிப்படையை விடுத்துத் தனிமனித நேர்மையின்மையை மட்டும் கண்டித்தல் பயனற்றது. அதேவேளை, முற்போக்காளர் தமக்கு இசைவான முடிபுகளையே மிகக் கடுமையான பரிசோதனைக்கு உட்படுத்தவேண்டும். மாற்றார் கட்டுரையிற் காணும் பிழையை யாவரும் எளிதிற் சுட்டுவர். தம் பக்கத்துக் கட்டுரையிலும் அதனைச் சுட்டும் இதழே ஆய்விதழ் எனப்படும் தகுதியுடையது.