பன்னிரண்டே ஆட்டங்கள்

ஜூலன் கோஸ்வாமியைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை ஒரே கதையைத்தான் சொல்கின்றன. மேற்கு வங்கத்துச் சக்தஹா என்னும் சிற்றூரில் பிறந்தார். விடியுமுன் புகைவண்டியேறிக் கல்கத்தா சென்று பந்துவீச்சுப் பயின்றார். விடாமுயற்சியால் உலகை வென்றார். 'சக்தா எக்ஸ்பிரஸ்' என்று பட்டமும் சூட்டினார்கள். ராவல்பிண்டிக்காரர் ஒருவருக்கு முன்பே சூட்டிய பட்டத்தின் நகல் அது. ஜூலன் ஏறியது எக்ஸ்பிரஸ் அல்ல, உள்ளூர் வண்டி என்பது வேறு விஷயம்.

இக்கதை பொய்யன்று. ஆயினும் அது எதை மறைக்கிறது என்று கேட்பது விமர்சனத்தின் கடமை.

2006இல் இங்கிலாந்தின் டாண்டன் மைதானத்தில் அவர் ஒரே டெஸ்ட் ஆட்டத்தில் 78 ஓட்டங்கள் கொடுத்துப் பத்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். நெடிய உடல், உச்சந்தலைக்கு மேலே நிமிர்ந்து சுழலும் கை, தரையில் பட்டு உள்நோக்கித் திரும்பும் பந்து. அந்த வெற்றியால் இந்திய மகளிர் இங்கிலாந்து மண்ணில் முதன்முதலாக டெஸ்ட் தொடரைக் கைப்பற்றினர். அடுத்த டெஸ்ட் ஆட்டம் அவருக்கு எப்போது கிடைத்தது? 2014இல்! தன் மிகச் சிறந்த நாவலை எழுதி முடித்த எழுத்தாளனுக்கு எட்டாண்டு காலம் காகிதமே கொடுக்காதிருப்பதற்கு ஒப்பானது இது. வறிய மகளிர் சங்கத்தின் பொறுப்பைச் செல்வம் கொழித்த இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஏற்றுக்கொண்டதும் அதே 2006இல்தான் என்பதை நோக்குமிடத்து, காசில்லாமையே காரணம் என்று சொல்வதற்கும் இடமில்லை.

ஒருநாள் ஆட்டங்கள் நடந்தன. 204 ஆட்டங்களில் 255 விக்கெட்டுகள். அவர் ஓய்வு பெற்றபோது மகளிருள் வேறெவரும் எட்டாத தொகை. ஆனால் இருபது ஆண்டுகளில் அவர் ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் பன்னிரண்டே. கபில்தேவ் பதினாறு ஆண்டுகளில் 131 ஆடினார். இந்த இடைவெளியை எந்த விடாமுயற்சி நிரப்பும்?

மடுவிலிருந்து எழுதும் நமக்கு அந்தப் புகைவண்டியே கதையின் மையமாகத் தோன்றுகிறது. ஜூலன் கல்கத்தாவுக்கு வண்டியேறிய 1990களில் நமது தலைமன்னார்ப் பாதையில் வண்டி ஓடவில்லை. மடுத் தேவாலய வளவில் அகதிகள் நிறைந்திருந்தனர். மடு வீதி நிலையத்துக்கு வண்டி மீண்டும் வந்தது 2013இல். இலங்கை மகளிரோ 1998இல் கொழும்பில் ஒரு டெஸ்ட் ஆடிப் பாகிஸ்தானை வென்றனர். அதன்பின் கால் நூற்றாண்டு கழிந்தும் இன்னொன்று ஆடக் கிடைக்கவில்லை. அந்த வளவில் வளர்ந்த சிறுமி ஒருத்தியின் தோளிலும் அதே வேகம் இருந்திருந்தால், ஜூலனின் கதையைப் பாடமாகச் சொல்லும் ஆசிரியர் அவளிடம் என்ன சொல்வார்?

2022 செப்டெம்பர் 24இல் இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் அவர் கடைசியாகப் பந்து வீசினார். விக்கெட்டுகள் இரண்டு. மறுநாள் பேச்செல்லாம், பந்து வீசுமுன் கோட்டைவிட்டு நகர்ந்த இங்கிலாந்து வீராங்கனையைத் தீப்தி சர்மா ஆட்டமிழக்கச் செய்தது முறையா என்பதைப் பற்றியே இருந்தது. அடுத்த மாதம் இந்திய வாரியம் ஆண், பெண் இருபாலார்க்கும் ஆட்டச் சம்பளம் சமம் என அறிவித்தது: டெஸ்ட் ஒன்றுக்கு 15 இலட்சம் ரூபாய். அந்தச் சம்பளத்துக்கு ஜூலன் ஓர் ஆட்டமும் ஆடவில்லை.