மூல ஓவியத்தின் விலை

தெப்ராவ் நீரிணையின்மேல் மாலைக் கதிர் சாயும் அழகை, ஜொகூர் பாருவின் கரையில் நின்று எவரும் காசின்றிக் கண்டு களிக்கலாம். அக்காட்சியையே ஓர் ஓவியர் பத்து நாள் முயன்று துணியில் எழுதி விலை கூறினால், “இதற்கா இவ்வளவு?” என்கிறோம். கேட்பவர் கருமியும் அல்லர். கூறுபவர் பேராசைக்காரரும் அல்லர். எல்லார்க்கும் பொதுவான ஒன்றை எழுதியவர் உண்மையில் எதனை விற்கிறார் என்பது இருவர்க்குமே தெளிவாகவில்லை. இத்தடுமாற்றம் அதனால் வந்தது.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று ஒருங்கே வைத்தது. தமிழாசிரியர்கள் வகுப்பில் கற்பித்துப் பழகிய இப்பாகுபாடு ஈண்டுக் கைகொடுக்கும். நிலம் எல்லார்க்கும் பொது, பொழுதோ கடந்துவிடுவது. இயற்கைக் காட்சியை எழுதுவோர் நிலத்தை விற்பதில்லை. அந்நிலத்தின் முன் தாம் நின்ற பொழுதையும், அப்பொழுது தம் கண் தேர்ந்தெடுத்ததையும் விற்கின்றனர். அச்சுப்படம் ஆயிரவர்க்குக் கிடைக்கும். அப்பொழுதில் இயங்கிய கையின் சுவடு மூல ஓவியத்தில்தான் உண்டு. ஆகவே, அதனை யாருக்கு, எவ்வாறு விற்பது என்பது வெறும் கடைக்கணக்கு அன்று. அது கலையைப் பற்றிய வினாவுமாகும்.

இவ்வினாவை ஆராயத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய சான்று உண்டு. ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1786-இல் கல்கத்தா வந்து சேர்ந்தனர். அந்நகரின் காட்சிகள் 12-ஐ அச்சிட்டு வெளியிட்டபின், வடநாட்டைச் சுற்றி 1791-இல் மீண்டனர். தாம் எழுதிய ஓவியங்களைப் பரிசுச் சீட்டு நடத்தி விற்று, அப்பணத்தைக்கொண்டு 1792-இல் தென்னாட்டுப் பயணத்தைத் தொடங்கினர். இராயக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, மதுரை, பாபநாசம், குற்றாலம், தஞ்சை, மாமல்லபுரம் எனப் பல இடங்களை வரைந்தனர். 1793-இல் சென்னையிலும் முன்போலவே சீட்டுக் குலுக்கி ஓவியங்களை விற்றனர்.

இம்முறையை இகழ்வது எளிது. ஆயின், அவ்விருவரையும் புரக்க ஓர் அரசவை இருந்ததில்லை. வாங்கக் கூடியவரோ பெரும்பாலும் கம்பெனியைச் சார்ந்த வெள்ளையரே. வீடு வீடாகச் சென்று விலை பேசாமல், ஒரே முறையில் வழிச்செலவைத் திரட்டச் சீட்டு உதவிற்று. அப்பணம் இல்லையேல், பாபநாசத்து அருவியை 1792-இல் கண்ட அந்தக் கண்ணின் பதிவு நமக்குக் கிடைத்திராது. இந்நன்மையை மறைத்துவிட்டுக் குறை கூறுவது நேர்மையாகாது.

குறை வேறிடத்தில் உள்ளது. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாமலே பொருள் கொடுத்தனுப்பியபோது, பெருஞ்சித்திரனார் அதனை ஏற்க மறுத்தார். தாம் பொருளே கருதும் வாணிகர் அல்லர் என்றும், தகுதியறிந்து தருவது சிறிதாயினும் இனிது என்றும் அவர் கூறியதைப் புறநானூறு காட்டுகிறது. பெருஞ்சித்திரனார் வேண்டியது காணுதல். சீட்டுக் குலுக்கலிலோ அக்காணுதலே இல்லை. இந்த அருவி எனக்கு வேண்டும் என்று ஒருவர் நின்று நோக்கித் தேர்வதற்கு அங்கு இடமில்லை. எந்தப் படம் எவர் கைக்குச் செல்லும் என்பதை நற்பேறு முடிவு செய்யும். விலை கிடைத்தது, மதிப்பீடு கிடைக்கவில்லை. பரிசில், பரிசுச் சீட்டு என்னும் இரண்டும் ஒலியால் அண்மையன. பொருளாலோ மிகச் சேய்மையன.

விற்கும் முறை வரையும் கையையும் திருப்பிவிடும் என்பதை இரண்டாவதாகக் கருதல் வேண்டும். மூன்றாம் மைசூர்ப் போர் 1792 மார்ச்சில் முடிந்தது. அப்போது கம்பெனி அலுவலர் பேச்செல்லாம் மலைக்கோட்டைகளைப் பற்றியதே. டேனியல் இருவரும் முதலில் நாடியவையும் படைகள் நடந்த அவ்வழியின் கோட்டைகளே. வாங்குவோர் விருப்பம் தூரிகைக்கு முன்னே நடந்தது என்று கொள்வது பிழையாகாது. அக்கோட்டைப் படங்களில் திறமை உண்டு. எனினும் வென்றவர்க்குக் காட்டும் சான்றுப் பொருள் போன்ற ஒரு விறைப்பும் உண்டு. பாபநாசத்துக்கு வந்ததும் அவ்விறைப்பு நீங்குகிறது. அங்கே வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. பாறையும் நீருமே உள்ளன. வாங்குவோரை மறந்து ஓவியர் நிலத்தை நோக்கிய இடம் அது என்பது என் துணிபு.

தாயகம் மீண்டபின் அவர்கள் 1795 முதல் 1808 வரை ‘ஓரியண்டல் சீனரி’ என்னும் பெயரால் 144 காட்சிகளை வண்ண அச்சில் வெளியிட்டனர். முழுத் தொகுதியின் விலை 210 பவுன். ஒரு மூலத்தைப் பல படிகளாக்கிப் பலர்க்கு விற்பது நல்ல வழியே. ஆயினும் அவ்விலை கொடுத்து வாங்கும் நிலையில் தாமிரபரணிக் கரை உழவர் எவரும் இல்லை. நிலம் அவர்களுடையது, நிலத்தின் படமோ கடல் கடந்த மாளிகைகளுக்கு உரியதாயிற்று.

இதற்கு மறுதலையான வழியையும் அதே சென்னைக் கடற்கரை கண்டது. கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் சிற்றூரை அமைத்தவர்கள், பத்தேக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று நிலம் வாங்கினர். பத்தேக் நம் நாட்டார்க்குப் புதிதன்று. பினாங்கில் சுவா தியன் தெங் 1950-களில் அதனையே ஓவியமாக உயர்த்தியவர். சோழமண்டலத்தார் அதனை உழைப்பாகக் கொண்டு ஓவியத்தைக் காத்தனர். அடுப்பு எரியத் துணி இருந்தமையால், ஓவியத்தைப் பசியின் விலைக்குக் கொடுக்கும் கட்டாயம் குறைந்தது. வாங்குவோர் வரும்வரை படம் காத்திருக்கலாம். அவர் விருப்பத்துக்காக அது உருமாற வேண்டுவதில்லை. நாள்முழுதும் தூரிகையோடு இருக்க இயலாமை இவ்வழியின் இழப்பு. அவ்விழப்பு தாங்கத் தக்கதே.

ஜொகூரில் இவ்வினா இன்று நம்மை நெருங்கி நிற்கிறது. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாயின. செம்பனை நிலங்கள் பல வீட்டுமனைகளாகின்றன. லயத்து வீடுகளையும், பால் நிறுக்கும் கொட்டகையையும், தோட்டத்து மாரியம்மன் கோயிலையும் எழுதும் ஓவியர், பொழுதோடு நிலமும் மறையப்போகும் இடத்தில் நின்று எழுதுகிறார். அப்படங்களை நாம் வாங்காவிட்டால், விடுதிச் சுவருக்கு ஏற்ற தென்னையும் கடலுமே அவரை எழுதச் சொல்லும். அதற்குப்பின் நம் ஓவியர் நம்மை எழுதவில்லை என்று குறைகூற நமக்கு உரிமை இராது.

அன்பர்கள் செய்யக்கூடியது பெரிதன்று. பள்ளி விழாவுக்கோ மணவீட்டுக்கோ பரிசு தேடும்போது, ஒருமுறை ஓவியர் இல்லத்துக்கே செல்லலாம். படத்தின் முன் சற்று நின்று, இது எந்தத் தோட்டம், எந்த நேரத்து வெயில் என்று கேட்கலாம். ஓவியரும் படத்தின் பின்புறம் இடத்தையும் நாளையும் எழுதி, விலையை ஒளிவின்றிக் கூறலாம். சிறு விலையாயினும் அது கண்டு கொடுத்த விலையாக இருக்கும்.