ஐம்பது வாரத்துக்கு ஐந்நூறு பாடல்

மார்கழி பிறந்தால் வாசகர்கள் வீட்டில் இரண்டு தாள்கள் நிரம்பத் தொடங்கும். சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்க வேண்டியவை ஒரு தாளில், வரும் ஆண்டில் படிக்க வேண்டியவை இன்னொரு தாளில். முதல் தாளை ஆசை எழுதிவிடும். இரண்டாவது தாளை எழுதத்தான் கை பழக வேண்டும். ஒரு ஆண்டு வாசிப்பைத் திட்டமிடுவதைப் பந்தி பரிமாறும் கலையோடு சேர்த்துத்தான் நான் நினைப்பேன். எதற்குப் பின் எது, எவ்வளவு, எந்த வேளையில் என்பது தெரிந்தவர் பரிமாறினால் எளிய சமையலும் ருசிக்கும்.

பலரும் எண்ணிக்கையைத்தான் சவாலாக வைத்துக்கொள்கிறார்கள். ஒரு வருஷம் நானும் வாரத்துக்கு ஒன்று என்று 52 புத்தகங்கள் குறித்துக்கொண்டேன். முடித்தும் விட்டேன். ஆனால் கணக்கு பின்தங்கும்போதெல்லாம் கை தானாக மெலிந்த புத்தகத்தைத் தேடியது. தி. ஜானகிராமனின் மோகமுள்ளை மூன்றே நாளில் படித்தேன். கும்பகோணத்துத் தெருவிலும் காவிரிக்கரையிலும் மெல்ல நடக்கிற நாவல் அது. நாயகன் பாபுவின் வருஷக்கணக்கான தவிப்பை மூன்று நாளுக்குள் அடைத்துவிட்டேனே என்று இன்றும் மனம் உறுத்துகிறது. ஆண்டு முடிவில் பட்டியல் கையில் இருந்தது, புத்தகங்கள் மனதில் இல்லை.

நூலை நாளோடு பொருத்தும் வித்தை நம்மிடம் பழையது. திருப்பாவையின் முப்பது பாட்டு, நாளுக்கு ஒன்றாக மார்கழியோடு சேர்ந்து நடக்கிறது. சைவர்களுக்குத் திருவெம்பாவை இருபது, திருப்பள்ளியெழுச்சி பத்து, அங்கேயும் முப்பது. திருவரங்கத்து இராப்பத்தில் திருவாய்மொழியின் பத்துப் பத்துகளும் பத்து நாளுக்குப் பிரிந்து ஒலிக்கின்றன. ரமலானில் குர்ஆனை முப்பது ஜுஸ்வாகப் பகுத்து மாதம் முழுக்க ஓதுகிறார்கள். யார் முதலில் முடித்தார்கள் என்று இங்கெல்லாம் எவரும் கேட்பதில்லை. ஆறாம் நாள் பாட்டு ஆறாம் நாளுக்குரியது, அவ்வளவுதான். ஆண்டாளின் பாட்டை சித்திரை வெயிலில் படித்தாலும் பொருள் அதேதான். ஆனால் பனி விழும் இருட்டில், தெருவில் யாரோ வாசல் தெளிக்கும் சத்தத்துக்கு நடுவே படிக்கும்போது அதில் உள்ள அழைப்பு நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருக்கும்.

தொடர்கதைக் காலத்திலும் இந்தச் சுகம் இருந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் பொன்னியின் செல்வனை வாரவாரம் படித்தவர்கள், வந்தியத்தேவனோடு சேர்ந்து தாங்களும் வயதானார்கள். 2014 ஜனவரி 1 அன்று ஜெயமோகன் தொடங்கிய வெண்முரசு நாளுக்கு ஓர் அத்தியாயமாக வந்து, 26 நாவல்களாக 2020-ல் நிறைந்தது. கூடவே படித்து வந்தவர்களுக்குக் காலையில் காபியோடு மகாபாரதம் இருந்தது. இரண்டிலும் வேகத்தை முடிவு செய்தவர் எழுத்தாளர். தனக்கான ஆண்டை வகுத்துக்கொள்ளும் வாசகர் அந்தப் பொறுப்பைத் தானே ஏற்கிறார்.

அப்படி நான் வகுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஐங்குறுநூற்று ஆண்டு. பார்த்தால் சின்னச் சங்க நூல், மூன்றடி முதல் ஆறடி வரையிலான குறும்பாட்டுகள். ஐந்து திணை, திணைக்கு நூறு, நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்தவை, ஆக மொத்தம் ஐம்பது பத்துகள். ஆண்டுக்கு 52 வாரம். வாரம் ஒரு பத்து என்று வைத்தால் இரண்டு வாரம் மிச்சம். இதைக் கவனித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

நூலின் வரிசை மருதம், நெய்தல், குறிஞ்சி, பாலை, முல்லை. தையிலிருந்து அப்படியே போனால் கோடையில் குறிஞ்சி வந்துவிடும். குளிரும் முன்பனியும் அதற்குரிய பருவங்கள், வெயிலில் அது வாடும். தொகுத்த கூடலூர் கிழார்மேல் எனக்கு மரியாதை உண்டு, முதல்முறை படிப்பவர் அவர் வரிசையிலேயே போவது நல்லது. ஆனால் ஒவ்வொரு நூறும் தனிப்புலவர் ஒருவருடையது. நூறுகளை முழுதாக நகர்த்தினால் உள்கட்டு குலையாது. எனவே மருதம், பாலை, நெய்தல், முல்லை, குறிஞ்சி என்று மாற்றி, தை முதல் நாளில் தொடங்கினேன்.

நோட்டில் மாதங்களை எழுதிப் பார்த்தபோது ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. முதல் வாரம் ஓரம்போகியாரின் வேட்கைப் பத்து. நெல்லும் பொன்னும் பெருகச் சொல்லும் வாழ்த்தோடு திறக்கும் பகுதி அது. அதைப் படிக்கிற நாளில் புத்தரிசிப் பொங்கல் அடுப்பில் இருக்கிறது. மூன்றாம் வாரம் கள்வன் பத்து. கள்வன் என்றால் இங்கே நண்டு, பாட்டுக்குப் பாட்டு வயல் நண்டு ஓடும். பங்குனி நடுவில் ஓதலாந்தையாரின் பாலை தொடங்குகிறது. அதன் ஐந்தாவது பத்துக்குப் பெயரே இளவேனிற் பத்து. அது விழுவது சித்திரை இரண்டாம் வாரத்தில். குயில் வந்துவிட்டது, மரங்கள் பூத்துவிட்டன, வருகிறேன் என்று சொல்லிப் போனவன் மட்டும் வரவில்லை. பத்துப் பாட்டும் அதே ஏக்கத்தில் எழுகின்றன. படிக்கிற வாரத்தில் எங்கள் தெரு வேம்பு பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

அதற்கு மூன்று வாரம் கழித்து, கத்திரி வெயிலின் நடுவில், மகட்போக்கிய வழித் தாய் இரங்கு பத்து. காதலனோடு சுரவழியில் போய்விட்ட மகளை நினைத்துத் தாய் அரற்றுகிறாள். முன்பு இந்தப் பாட்டுகளை மின்விசிறிக்கு அடியில் ஒரே மூச்சில் படித்து, அழகு என்று பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். இந்தமுறை பாலைக்குரிய சிறுபொழுதான நண்பகலில் படிப்பது என்று வைத்திருந்தேன். ஒரு நாள் மதியம் பேருந்து நிறுத்தத்தில் நிழல் இல்லாமல் நின்றபடி ஒரு பாட்டைப் படித்தேன். செருப்பையும் தாண்டித் தார்ச்சாலை சுட்டது. அந்தப் பெண்ணின் பாதம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உரையாசிரியர் எவரும் எனக்கு அதைச் சொல்லியிருக்க முடியாது.

சிறுபொழுதையும் சேர்த்துக்கொண்டதால் ஆண்டு முழுக்க என் வாசிப்பு நேரம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. மருதத்துக்கு விடியலுக்கு முன். நெய்தலுக்குப் பொழுது சாயும் எற்பாடு. அம்மூவனாரின் தொண்டிப் பத்தை ஒரு ஞாயிறு எலியட்ஸ் கடற்கரையில் படித்தேன். பேயனாரின் முல்லைக்கு மாலை. ஆடிக் கடைசியில் அது தொடங்கிய இரண்டாம் வாரமே, கார் கண்ட தலைவன் பருவத்தைப் பாராட்டும் பத்து வருகிறது. புரட்டாசி பிறக்கும்போது, அதே காரைக் கண்ட தலைவி பேசுகிறாள். அந்த மாலைகளில் மழைக்காகவே ஜன்னலைத் திறந்துவைத்தேன், சில நாள் வந்தது. ஐப்பசி முதல் கபிலரின் குறிஞ்சி, நள்ளிரவில். பன்றி, குரங்கு, கிளி என்று விலங்கும் பறவையும் பத்துக்குப் பத்து வந்து, மார்கழியில் மஞ்ஞைப் பத்தோடு, மயில் அகவி நூறு நிறைகிறது.

வாரத்துக்கு ஏழு நாள், பத்துக்குப் பத்துப் பாட்டு. இதை இப்படிப் பிரித்தேன்: முதல் நாள் பத்தையும் உரை பார்க்காமல் வாய்விட்டு ஒருமுறை. அடுத்த ஐந்து நாள், நாளுக்கு இரண்டு பாட்டு உரையோடு. ஏழாம் நாள் பத்தையும் மறுபடி உரக்க. முதல் நாள் கல்லாகக் கிடந்த சொல் ஏழாம் நாள் நாக்கில் தானாக உருளும். ஒரு நாள் தவறினால் மறுநாள் நான்கு பாட்டு படிக்கலாம், பாரமாகாது. ஒரு வாரமே தவறினால் அதைத் துரத்திப் பிடிக்காதீர்கள். பருவத்தோடு சேர்ந்திருப்பதுதான் பந்தயம். விட்டுப்போனதற்காகவே அந்த மிச்ச இரண்டு வாரம் இருக்கிறது.

இதோடு வேறு நூல்களும் படித்தேன், எத்தனை என்று குறித்துவைக்கவில்லை. நாளுக்குப் பத்து நிமிடம் கேட்கிற சங்கப்பாட்டு மற்ற நேரத்தையெல்லாம் நாவலுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறது. மோகமுள்ளை மறுபடி எடுத்தேன். ஆடியிலிருந்து ஐப்பசிவரை நீடித்தது.

திட்டம் எழுதிய நோட்டு மேசைமேல் இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு வாரம், பாட்டின் எண், எதிரே என் குறிப்பு. நெய்தலின் மூன்றாவது பத்து ஆனித் தொடக்கத்தில் வரும். அந்தப் பத்தில் 129, 130 என்ற இரண்டு பாட்டும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த வாரம் ஆறாம் நாளுக்குப் பாட்டு இல்லை. அன்று மாலை, படிக்கும் நேரத்துக்கு, வழக்கம்போல் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இரண்டு எண்களையும் எழுதி, எதிரே நான்கு நான்கு வரி இடம் விட்டேன்.