ஜீவாவும் எங்கள் 'விடாமுயற்சி'யும்

டொமினிக் ஜீவா 2021 ஜனவரி 28ஆம் திகதி கொழும்பில் காலமானார். அப்போது அவருக்கு வயது 93. அவரைப் பற்றி வந்த அஞ்சலிக் குறிப்புகளில் நான் வாசித்தவை எல்லாவற்றிலும் ஒரு சொல் தவறாமல் இருந்தது: 'விடாமுயற்சி'. புறக்கணிப்புகளைக் கண்டு சோராமல் எழுதினார், வென்றார், நாமும் அவ்வாறே சோராதிருப்போம் என்று முடித்திருந்தார்கள். இந்தப் பாராட்டில் எனக்கு உடன்பாடில்லை. அது ஜீவாவைச் சிறிதாக்குகிறது; அவரை மறுத்தவர்களையோ பத்திரமாக மறைத்துவிடுகிறது.

முதலில் மறுப்பு என்றால் என்ன என்று கேட்போம். ஓர் ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்புகிறார். மொழி சரியில்லை, முடிவு பலவீனம் என்கிறார். எங்களுக்குக் கசக்கும். ஆனால் அந்த மறுப்பு கதையோடு நிற்கிறது. கதையைத் திருத்தலாம், வேறிடம் அனுப்பலாம். ஜீவா எதிர்கொண்டது இதுவல்ல. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் 'ஜோசப் சலூன்' என்ற முடிதிருத்தகத்தில் வேலை செய்தவர் அவர். 1960களின் தொடக்கத்தில் நடந்த 'மரபு' விவாதத்தில், அடித்தள மக்களின் பேச்சுமொழி இலக்கியத்துக்குத் தகுமா என்று பண்டிதர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி கதையை நோக்கிக் கேட்கப்பட்டதுபோல் தெரியும். உண்மையில் அது எழுதியவனின் பிறப்பை நோக்கிக் கேட்கப்பட்டது. கதையைத் திருத்தலாம், பிறப்பை எப்படித் திருத்துவது? இந்த இரண்டு மறுப்புகளையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி 'தடைகள்' என்று பெயர் சூட்டும்போது, சாதி என்ற சொல் காணாமற் போய்விடுகிறது.

அவருடைய முதல் தொகுதி 'தண்ணீரும் கண்ணீரும்' 1960இல் வந்து சாகித்திய மண்டலப் பரிசையும் பெற்றது. தமிழ்ச் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதற்தடவை. வழக்கமான வெற்றிக்கதை என்றால் இங்கே முடிந்திருக்கவேண்டும். பரிசு கிடைத்துவிட்டது, வாசல் திறந்துவிட்டது, போய் உள்ளே உட்காரலாம். அவர் உட்காரவில்லை. 1966 ஆகஸ்டில் 'மல்லிகை'யைத் தொடங்கினார், அதுவும் அந்தச் சலூனிலிருந்தே. எழுத்து எழுத்தாக அச்சுக் கோத்து, அச்சடித்த பிரதிகளைத் தானே சுமந்து, தெருத்தெருவாய்க் கொண்டுபோய் விற்றார். அட்டைகளில் எழுத்தாளர்களின் படங்களைப் போட்டார். முஸ்லிம்களும் மலையகத்தவரும் அதில் எழுதினார்கள். சிங்களக் கதைகள் மொழிபெயர்ப்பாய் வந்தன. 1981இல் நூலகம் எரிந்தது, 1983 வந்தது, 1995இல் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. சஞ்சிகை கொழும்புக்குப் போய் 2012 வரை வந்தது. இடைவெளிகள் உண்டு, ஆயினும் நாற்பத்தாறு வருடங்கள். எங்கள் புகலிடச் சஞ்சிகைகளில் எத்தனை நாலாவது இதழைக் கண்டன என்று எண்ணிப் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும்.

ஆக, மூடிய கதவைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தவர் அல்ல ஜீவா. அவர் தன் தொழிலிடத்திலேயே வேறொரு கதவைப் போட்டு, அதை மற்றவர்களுக்குத் திறந்துவைத்தார். இதை 'விடாமுயற்சி' என்று மட்டும் சொல்வது போதாது.

இதற்கு அவர் கொடுத்த விலையையும் எங்கள் விமர்சகர்கள் கணக்கெடுப்பதில்லை. 'தண்ணீரும் கண்ணீரும்' 1960, 'பாதுகை' 1962, 'சாலையின் திருப்பம்' 1967. ஏழு வருடத்தில் மூன்று தொகுதிகள். அடுத்த தொகுதியான 'வாழ்வின் தரிசனங்கள்' 1982இல்தான் வந்தது. இடையில் பதினைந்து வருடங்கள். அவருக்குள் இருந்த சிறுகதைக்காரனைச் சஞ்சிகை தின்றுவிட்டது என்பதே என் வாசிப்பு. அவருடைய தொடக்கக் கதைகள் சிலவற்றில் ஆசிரியரின் கோபம் பாத்திரத்தை முந்திக்கொண்டு பேசும். அந்தக் குறை நீங்கிப் பழுத்திருக்கக்கூடிய காலத்தில் அவர் மற்றவர்களின் கதைகளுக்குப் புறூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். 'மல்லிகை' தரம் பாராமல் புதியவர்களை ஏற்றது என்ற முறைப்பாடும் உண்டு. அதில் உண்மை இருக்கலாம். ஆனால் பிறப்பைக் காட்டி மறுக்கப்பட்ட ஒருவர் ஆசிரியர் கதிரையில் இருந்துகொண்டு மறுப்பதற்குத் தயங்கினார் என்றால், அதைக் குறையாக எழுத எனக்குக் கை வரவில்லை.

ரொறன்ரோவில் இருந்து இதை ஏன் எழுதுகிறேன்? இங்கே எழுதுகிறவர்களில் பலர் என்னைப்போல் குசினிகளில் நிற்பவர்கள். கோப்பை கழுவி, வெங்காயம் உரித்து, இரவு ஒரு மணிக்கு பஸ்ஸுக்கு நின்றுவிட்டு வந்து எழுதுகிறோம். எழுதுவதோ பெரும்பாலும் ஊரைப் பற்றி, கிணற்றடியைப் பற்றி. நாளுக்குப் பத்து மணித்தியாலம் நிற்கிற இடம் கதைக்குள் வருவதில்லை. எழுத்தாளர் அறிமுகக் குறிப்பிலும் அந்த வேலை வராது. 'பல்கலைக்கழகத்தில் பயின்றவர்' என்று வரும். பயின்று முடிக்கவில்லை என்பது வராது. ஜீவா சலூனை மறைக்கவில்லை. மறைத்திருந்தால் 'மல்லிகை' இல்லை.

இன்னுமொன்று. எங்கள் கதை திரும்பி வந்தால் ஆசிரியரைத் திட்டுகிறோம், 'இருட்டடிப்பு' என்கிறோம். சிலவேளை அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அதே நாங்கள் கலியாணப் பேச்சென்று வந்தால் 'எந்த ஊர், எந்தப் பகுதி' என்று விசாரிக்கிறோம். ஜீவாவை மறுத்த அந்தக் கேள்வியையும் விமானத்தில் கூடவே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். ரொறன்ரோவை மையமாகக் கொண்ட தமிழ் இலக்கியத் தோட்டம் 2013ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது நல்ல விடயம். விருதோடு கணக்குத் தீர்ந்துவிட்டதாய் நினைப்பதுதான் பிழை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவ முதுமாணிப் பட்டம் தர முன்வந்தபோது ஜீவா அதை ஏற்க மறுத்தார். அஞ்சலிகள் இதை ஒரு கிழவரின் பிடிவாதமாக, ஒரு சுவையான செய்தியாகக் கடந்துபோகின்றன. எனக்கு அது அவருடைய எழுத்து வாழ்வின் மையமாகவே தெரிகிறது. வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் தன்னை அளந்து பார்த்த ஒருவர், முதுமையில் வந்த அளவையும் ஒத்துக்கொள்ளவில்லை. மறுக்கிற உரிமை தனக்கும் உண்டு என்று காட்டினார். அவரிடமிருந்து நாங்கள் எதையாவது எடுத்துக்கொள்வதானால், சோராமல் கதை அனுப்புகிற பழக்கத்துக்கு முன்னால் இதை எடுத்துக்கொள்ளலாம்.