பெரிய கப்பலுக்கு அவசரப்படாதீர்கள்

‘ஸ்டார் வார்ஸ்: எம்பயர் அட் வார்’ ஆட்டத்தில் பேரரசின் ஸ்டார் டிஸ்ட்ரோயர் திரைக்குள் நுழைந்ததும் பல பேர் ஒரே தவறைச் செய்கிறார்கள். கைவசம் உள்ள அத்தனை கப்பல்களையும் மவுஸால் வளைத்துப் பிடித்து, அந்த ராட்சசக் கப்பலின்மேல் ஒரு கிளிக். பிறகு நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குண்டுகள் சிதறிப் போகின்றன, கவசம் குறைந்து குறைந்து மறுபடி ஏறுகிறது, அதற்குள் அந்தக் கப்பலின் வயிற்றிலிருந்து டை விமானங்கள் கூட்டமாக வெளியே வந்துவிடுகின்றன. சப்ரகமுவ தோட்டப்புறங்களில் கணினியில் விளையாடும் தம்பிமார் பலரின் ஆட்டம் இந்த இடத்தில்தான் கவிழ்கிறது.

இந்த கேம் வெளிவந்தது 2006 பெப்ரவரியில். 1977 இல் முதல் படத்தோடு தொடங்கிய ஸ்டார் வார்ஸ் வரிசையை வைத்து அதற்கு முன்பும் நிகழ்நேர வியூக விளையாட்டுகள் வந்திருக்கின்றன. 2000 இல் வந்த ‘ஃபோர்ஸ் கமாண்டர்’ எடுபடவில்லை. 2001 இல் வந்த ‘கலக்டிக் பெட்டில்கிரவுண்ட்ஸ்’, ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’ இன் இயந்திரத்தையே எடுத்துக்கொண்டு ஆளையும் ஆயுதத்தையும் மாற்றியது. ‘எம்பயர் அட் வார்’ அப்படியல்ல. அதை உருவாக்கிய பெட்ரோகிளிஃப் நிறுவனத்தார் முன்பு வெஸ்ட்வுட்டில் இருந்தவர்கள். நிகழ்நேர வியூக விளையாட்டுகளுக்கு இன்றுள்ள வடிவத்தைக் கொடுத்த ‘டியூன் 2’ 1992 இல் வந்தது அந்த வெஸ்ட்வுட்டிலிருந்துதான். அந்த அனுபவம் இந்த ஆட்டத்தின் ஒவ்வொரு விதியிலும் தெரிகிறது. 2014 இல் கேம்ஸ்பை சேவை மூடப்பட்டபோது இணையவழி ஆட்டம் நின்றுபோனது. 2017 இல் ஸ்டீம் வழியாக அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2023 நவம்பரில், வெளியாகிப் பதினேழு வருடங்கள் கழித்து, 64-பிட் மேம்படுத்தலும் கொடுத்தார்கள். இத்தனை வயதான ஒரு கேமுக்கு அதை உருவாக்கியவர்களே இப்படித் துணை நிற்பது அபூர்வம்.

நம் பக்கத்துக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், பழைய கணினியிலும் ஓடும். கொழும்பில் அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட பெட்டியை வாங்கி வந்து லயத்து அறையில் வைத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். புது கேம்கள் அதில் திறக்கவே திறக்காது. இது திறக்கும். ஒருமுறை ஏற்றிவிட்டால் டேட்டா போடாமலே கணினியோடு விளையாடலாம், இரண்டு பெட்டிகளைக் கேபிளால் இணைத்து ஆளோடு ஆளும் மோதலாம். ஏப்ரல் மாதப் பின்னேரங்களில் இடி தொடங்கினால் இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்தில் பிளக்கைக் கழற்றியே ஆகவேண்டும். கணினியோடு ஆடும் ஆட்டம் என்றால் அப்போதும் சேமித்து வைத்துவிட்டு எழுந்து போகலாம்.

தெஹியோவிட்டையில் கணினி திருத்தும் கடை ஒன்றின் பின்னறையில் அப்படியொரு கேபிள் ஆட்டத்தைப் பார்த்தேன். இரண்டு பேருமே இறப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். ஒருவர் வேலைக்குப் போகிறவர், மற்றவர் உயர்தரம் படிக்கிறவர். மூத்தவர் பேரரசு, இளையவர் கிளர்ச்சியாளர். விண்வெளி மோதலில் இரு பக்கத்துக்கும் ஆளுக்கொரு நிலையம் உண்டு. எதிரியின் நிலையத்தை உடைத்தால் வெற்றி. பணம் வருவது வரைபடத்தில் ஆங்காங்கே மிதக்கும் பாறைகளில் கட்டும் சுரங்கங்களிலிருந்து.

மூத்தவர் தொடக்கப் பணம் முழுவதையும் நிலையத்தைத் தரமுயர்த்துவதில் போட்டார். ஸ்டார் டிஸ்ட்ரோயரை முதலில் இறக்குகிறவர் ஜெயிப்பார் என்பது அவர் கணக்கு. இளையவர் இரண்டு கொரெலியன் கொர்வெட்டுகளை வாங்கினார். அவற்றுக்கு வேகமே பலம். என்ஜின் சக்தியைக் கூட்டும் கட்டளையைக் கொடுத்து நடுவில் இருந்த பாறைகளைப் பிடித்து, ஒவ்வொன்றிலும் சுரங்கம் கட்டிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்த்தார். சுரங்க வருமானம் பால் மரத்துச் சிரட்டை மாதிரி. சொட்டுச் சொட்டாகத்தான் விழும், நேரத்தோடு கட்டியவருக்குத்தான் நிறையும். ஆட்டம் பாதிக்கு வந்தபோது மூத்தவரிடம் ஒரு பெரிய கப்பல் இருந்தது. இளையவரிடம் இழந்ததையெல்லாம் திரும்ப வாங்கப் பணம் இருந்தது.

அடுத்து நடந்ததுதான் ஆட்டத்தின் உயிர். ஸ்டார் டிஸ்ட்ரோயர் வந்ததும் இளையவர் வை-விங் குண்டுவீச்சு அணிகளை அனுப்பினார். பக்கத்தில் நின்ற ஒருவர், “தம்பி, மொதல்ல கவசத்த ஒடைங்க” என்றார். இளையவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “வேணாண்ணே, டோர்பிடோவுக்குக் கவசம் ஒரு தடையே இல்ல. ஹேங்கர ஒடைச்சாத்தான் நம்ம பிளேன் தப்பும்” என்றார்.

அந்தப் பதிலில் ஒரு பயிற்சியாளரின் பாடமே இருக்கிறது. இந்த ஆட்டத்தில் பெரிய கப்பல் ஒரே உடம்பு அல்ல. கவச இயந்திரம், விமானக் கூடம், என்ஜின், பீரங்கிகள் என்று தனித்தனிப் பாகங்கள். எதை முதலில் உடைப்பது என்பதை ஆடுகிறவர் தேர்ந்தெடுக்கலாம். லேசர் பீரங்கியைக் கவசம் தாங்கும், புரோட்டான் டோர்பிடோ கவசத்தை ஊடுருவிப் போகும். ஆகவே குண்டுவீச்சு விமானங்களுக்குக் கவசம் பிரச்சினையே இல்லை. அவற்றைக் கொல்வது டை விமானங்கள்தான், அவை வெளியே வரும் வாசல் விமானக் கூடம். அதை அடைத்துவிட்டால் வை-விங்குகள் நிதானமாகத் திரும்பி வந்து கவச இயந்திரத்தை முடிக்கலாம். அது போனபிறகு மற்றக் கப்பல்களின் லேசரும் முழுசாக வேலை செய்யும். அந்த இளையவர் இதே வரிசையில்தான் போனார். வை-விங்கின் அயன் குண்டால் கப்பலைச் சற்றுநேரம் முடக்கவும் அவர் மறக்கவில்லை.

மூத்தவரிடம் மருந்து இல்லாமல் இல்லை. டார்டன் ரோந்துக் கப்பல் சிறு விமானங்களை வேட்டையாடுவதற்கென்றே செய்யப்பட்டது. அவரிடம் இரண்டு டார்டன்கள் இருந்தன, இரண்டும் தன் நிலையத்துக்குப் பக்கத்தில் சும்மா நின்றன. பெரிய கப்பல் தனியாகப் போய்ச் செத்தது. அதன் விலைக்கு ஈடான பணம் அவரிடம் மறுபடி சேரவே இல்லை.

இரண்டு பக்கமும் சமமாகச் செய்யப்படவில்லை என்பதே இந்த விளையாட்டின் அழகு என்பேன். பேரரசுக்கு டை விமானம் கப்பலோடு இலவசமாக வரும், ஆனால் கப்பல் போனால் அந்த வரத்தும் நின்றுவிடும். கிளர்ச்சியாளர் எக்ஸ்-விங்கையும் வை-விங்கையும் காசு கொடுத்துத் தனியாக வாங்கவேண்டும், ஆனால் அவை தாய்க்கப்பல் இல்லாமலே நட்சத்திரம் தாண்டிப் போகும். முழு அண்டத்தையும் பிடிக்கும் நீண்ட ஆட்டத்தில் இந்த வேறுபாடு இன்னும் ஆழமாகிறது. பேரரசு பணம் கட்டித் தொழில்நுட்பத்தை ஆராய்கிறது. கிளர்ச்சியாளர் ஆர்2-டி2, சி-3பிஓ என்ற இரண்டு ரோபோக்களை எதிரியின் கிரகங்களுக்கு அனுப்பித் திருடுகிறார். மேலே நிற்கும் கப்பற்படையோடு மோதாமல் சிறு படையொன்றை நழுவவிட்டுத் தரையில் இறக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. நம் தம்பிமார் இந்த உரிமையை அநேகமாகத் தொடுவதே இல்லை. முட்டி மோதி விண்வெளியை ஜெயித்த பிறகுதான் தரைக்குப் போகிறார்கள், அதற்குள் படை பாதியாகிவிடுகிறது.

கடைசியில் பேரரசின் மாபெரும் போர் நிலையமான டெத் ஸ்டார் வந்தபின்பும் இதே கதைதான். அதை வீழ்த்த பெரிய படை போதாது. லூக் ஸ்கைவோக்கரின் ரெட் அணி அந்தச் சண்டையில் இருந்து, சண்டையையும் ஜெயிக்கவேண்டும். ரெட் அணியை முன்வரிசையில் விட்டு இழப்பவருக்கு மற்ற எல்லாக் கப்பலும் வீண்.

இப்படிக் கணினியில் போட்டியாக ஆடுவதை, அதாவது இ-ஸ்போர்ட்ஸை, இலங்கை 2019 இல் விளையாட்டாக அங்கீகரித்தது. அதற்கு முந்தின வருடம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ என்ற வியூக விளையாட்டு கண்காட்சிப் போட்டியாக நடந்தது, தென்கொரியாவின் சோ சொங்-ஜூ தங்கம் வென்றார். அவரைப் போன்றவர்களின் பத்து விரலும் கீபோர்ட்டில் வாழ்கின்றன. நம் பிள்ளைகளின் விரல் வாழ்வது ஃபோனில். வியூக விளையாட்டுக்கு ஃபோன் போதாது. படையைக் குழுக்களாகப் பிரித்து எண் கொடுத்து ஒரு தட்டில் அழைக்க கீபோர்ட் வேண்டும். பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது, கணினி அறையும் பெரும்பாலும் அத்தோடு பூட்டிக்கொள்கிறது. கிழமையில் ஒருநாள் பின்னேரம் அந்தக் கதவைத் திறந்துவைக்க அதிபர்மார் சம்மதித்தால், மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர் இருந்தால், தெஹியோவிட்டையில் நான் பார்த்த அந்தப் பிள்ளைக்கு நிகரானவர்கள் யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் கிடைப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த மூத்த தம்பிக்கும் ஒரு வார்த்தை. அடுத்தமுறை பேரரசாக ஆடும்போது முதல் பணத்தைச் சுரங்கத்தில் போடுங்கள். இரண்டு டார்டன்களையும் ஸ்டார் டிஸ்ட்ரோயரோடு ஒரே குழுவில் சேர்த்து, வை-விங் தெரிந்த நொடியில் அவற்றின் ஆயுதச் சக்தியைக் கூட்டுங்கள். வழியில் விண்கல் கூட்டம் இருந்தால் பெரிய கப்பலைச் சுற்றித்தான் கொண்டுபோகவேண்டும். உள்ளே விட்டால் கல் பட்டே சேதமாகும், எதிரியின் சிறு விமானங்களுக்கோ அதற்குள் ஒன்றும் ஆகாது.